கடைக்கு ஒரு பேக்கப், ஸ்டுடியோவுக்கு ஒரு பேக்கப்

மதுரை சிம்மக்கல்லில் மொத்த வியாபாரம் செய்பவர், பைபாஸ் ரோட்டில் ஸ்டுடியோ வைத்திருப்பவர், மாவட்டக் கோர்ட்டை ஒட்டி டிடிபி (கம்ப்யூட்டரில் தட்டச்சு, பக்க வடிவமைப்பு) போட்டிருப்பவர். மூன்று பேருக்கும் ஒரே பேக்கப் முறை ஒத்துவராது. ஆனால் டவுன்ஹால் ரோட்டில் எந்தக் கடையில் போய்க் கேட்டாலும் மூவருக்கும் ஒரே பதில்தான்: "2 டிபி போர்ட்டபிள் ஒண்ணு எடுத்துக்கங்க சார்." டிஸ்க் வாங்குவதில் தப்பில்லை. வாங்கி என்ன செய்யப்போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும்.

ஃபைல் நம் கையை விட்டுப் போவது நான்கு வழிகளில். டிஸ்க் செத்துப்போகும். நாமே அழித்துவிடுவோம், அல்லது நல்ல ஃபைலின் மேல் தப்பான ஃபைலைச் சேமித்துவிடுவோம். பணம் கேட்டு மிரட்டும் வைரஸான ரேன்சம்வேர் வந்து எல்லாவற்றையும் பூட்டும். நான்காவது, திருட்டு, தீ, இடி என்று கம்ப்யூட்டரோடு சேர்ந்தே போவது. எந்த முறையைப் பார்த்தாலும் இந்த நான்கில் எதற்கு நிற்கும், எதற்கு நிற்காது என்று கேளுங்கள். நான்குக்கும் சேர்த்து நிற்கும் ஒற்றை முறை கிடையாது. அதனால்தான் புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரப்பிய 3-2-1 கணக்கு இன்னும் செல்லுபடியாகிறது: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு இடத்தில்.

இந்தக் கேள்வியைக் கேட்டாலே பலர் பேக்கப் என்று நினைத்துக்கொண்டிருக்கும் இரண்டு விஷயங்கள் கழன்றுவிடும். முதலாவது ரெய்டு. இரண்டு டிஸ்கில் ஒரே நேரத்தில் எழுதுவதால் ஒன்று செத்தாலும் வேலை நிற்காது, அவ்வளவுதான். அழித்தால் இரண்டிலும் அழியும், ரேன்சம்வேர் இரண்டையும் பூட்டும், இடி இரண்டையும் எரிக்கும். இரண்டாவது, கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் மாதிரியான சிங்க். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும், அதற்குப் பிறகு இல்லை. கூகுள் டிரைவில் மற்ற மென்பொருள்களில் உருவான ஃபைல்களின் பழைய வெர்ஷன் 30 நாளோ 100 வெர்ஷனோதான் நிற்கும். போன தீபாவளிக் கணக்கில் யாரோ கைவைத்தது ஆடிட்டிங் சமயத்தில்தான் தெரியவரும். அப்போது இந்த 30 நாள் ஒன்றுக்கும் உதவாது.

கிளவுடைத் திட்ட வரவில்லை. டிஸ்க் சாவுக்கும் திருட்டுக்கும் அது நன்றாகவே நிற்கும். ஆனால் கூகுளின் இலவச 15 ஜிபி, ஜிமெயில், டிரைவ், ஃபோட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான். இரண்டு வருடம் யாரும் தொடாத தனிநபர் கணக்கை கூகுள் அழித்துவிடலாம் என்பதும் விதியில் இருக்கிறது. பேக்கப்புக்கென்று ஒரு தனி ஜிமெயில் திறந்து மறந்துபோகிறவர்கள் இதைக் கவனிக்கவும்.

இனி போர்ட்டபிள் டிஸ்க். பெரும்பாலான இடங்களில் அது கம்ப்யூட்டரின் பின்னால் வருடம் முழுக்கச் செருகியே கிடக்கும். பூட்டைப் போட்டுவிட்டு சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்ட மாதிரிதான் அது. ரேன்சம்வேர் செருகியிருக்கும் எல்லா டிரைவையும், நெட்வொர்க்கில் பகிர்ந்த ஃபோல்டரையும் தேடிப் போய்ப் பூட்டும். ஐப்பசி இடிமழையில் மின்கம்பி வழியாக ஏறி வருவது மதர்போர்டோடு யுஎஸ்பியில் தொங்குவதையும் சேர்த்துக் கொண்டுபோகும். பேக்கப் ஓடும் நேரம் மட்டும் செருகி, முடிந்ததும் எஜெக்ட் கொடுத்துக் கழற்றி, வேறு அலமாரியில் வையுங்கள். காசு செலவில்லாத பாதுகாப்பு இது.

இன்னும் நல்லது இரண்டு டிஸ்க். ஸ்கெட்ச் பேனாவால் 1, 2 என்று எழுதிக்கொள்ளுங்கள். இந்த வாரம் 1 கடையில், 2 வீட்டில். ஞாயிற்றுக்கிழமை மாற்றிக்கொள்ளுங்கள். கடை மாசி வீதியில், வீடு திருநகரிலோ திருமங்கலத்திலோ என்றால் சரி. கடைக்கு மேல் மாடியில் வீடு என்றால் அது வேறு இடமாகாது. மேலூரில் இருக்கும் மச்சானிடம் ஒன்றைக் கொடுத்துவைக்கலாம். வெளியே போகும் டிஸ்கைக் கட்டாயம் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டுங்கள். விண்டோஸ் ப்ரோ இருந்தால் அதிலேயே வரும் பிட்லாக்கர் போதும். ஹோம் பதிப்பில் பூட்டிய டிஸ்கைத் திறக்க முடியும், புதிதாகப் பூட்ட முடியாது. அங்கே வெராகிரிப்ட் என்ற மென்பொருளை வைத்துக்கொள்ளலாம். பிட்லாக்கரின் 48 இலக்க ரெகவரி சாவியைக் காகிதத்தில் எழுதி, டிஸ்க் இருக்கும் பையில் போடாமல் வேறிடத்தில் வையுங்கள்.

வாங்கும்போது கவனிக்க இரண்டு விஷயம். சில 2.5 இன்ச் போர்ட்டபிள்களில் யுஎஸ்பி போர்ட் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். போர்ட் ஆட ஆரம்பித்தால் டிஸ்கைக் கழற்றி சாட்டா கேபிளில் மாட்ட வழியில்லை. தனி ஹார்ட் டிஸ்க்கும் தனி என்க்ளோஷரும் வாங்கினால் பெட்டி போனாலும் டிஸ்க் பிழைக்கும். இரண்டாவது ஃபார்மேட். ஃபேட்32-இல் ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல் ஏறாது, கல்யாண வீடியோவுக்கு அது ஆகாது. எக்ஸ்ஃபேட்டில் ஏறும். ஆனால் அதற்கு ஜர்னல், அதாவது என்ன எழுதப்போகிறோம் என்று முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவேடு, கிடையாது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனாலோ கேபிளைப் பிடுங்கினாலோ ஃபோல்டர் அட்டவணையே குலைய வாய்ப்பு அதிகம். விண்டோஸில் மட்டும் பயன்படுத்துவதாக இருந்தால் என்டிஎஃப்எஸ் போடுங்கள்.

நேரக் கணக்கும் வேண்டும். யுஎஸ்பி 3 போர்ட்டில் விநாடிக்கு 100 எம்பி என்று வைத்தால் 1 டிபி ஏற சுமார் 2 மணி 50 நிமிடம். அதே டிஸ்கைப் பழைய யுஎஸ்பி 2 போர்ட்டில் செருகினால் 35 எம்பி வேகத்தில் 8 மணி நேரம். டெஸ்க்டாப்பின் முன்பக்கத்து போர்ட் பல கேபினெட்டுகளில் யுஎஸ்பி 2-தான், பின்னால் செருகுங்கள். சின்னச் சின்ன ஃபைல் லட்சக்கணக்கில் இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் எடுபடாது, இன்னும் இழுக்கும். சித்திரை வெயிலில் ஏசி இல்லாத அறையில் மத்தியானம் முழு பேக்கப் ஓட்ட வேண்டாம். 35 டிகிரி வரைதான் இயக்கலாம் என்று விவரக்குறிப்பிலேயே போட்டிருக்கும் போர்ட்டபிள்கள் உண்டு. ராத்திரி ஓட்டுங்கள்.

எந்த மென்பொருளில் ஓட்டுவது? விண்டோஸோடு வரும் ஃபைல் ஹிஸ்டரி மோசமில்லை. மணிக்கொரு முறை மாறிய ஃபைல்களை மட்டும் எடுக்கும், பழைய வெர்ஷன்களையும் வைத்திருக்கும். அதன் குறை, டாக்குமெண்ட்ஸ், டெஸ்க்டாப், பிக்சர்ஸ் மாதிரி சில ஃபோல்டர்களைத்தான் தானாக எடுக்கும். டி டிரைவில் நீங்களே போட்டுவைத்த "ஜாப் 2025" ஃபோல்டரை அது எட்டிக்கூடப் பார்க்காது. விண்டோஸ் 11-இல் விண்டோஸ் பேக்கப் என்ற பெயரில் வரும் ஆப், ஃபைல்களை ஒன்டிரைவுக்குத்தான் அனுப்பும். அங்கே இலவசம் 5 ஜிபி.

அதனால் கடைகளுக்கு ஃப்ரீஃபைல்சிங்க் வசதி. இடதுபக்கம் மூலம், வலதுபக்கம் பேக்கப் டிஸ்க், நடுவில் என்ன நடக்கப்போகிறது என்று கண்ணால் பார்க்கலாம். இதில் மிரர், அப்டேட் என்ற இரண்டு முறைகளின் வித்தியாசம் தெரியாமல் ஓட்டுவதுதான் ஆபத்து. மிரர் என்றால் வலதுபக்கம் இடதுபக்கத்தின் நகலாகிவிடும். இடதில் இல்லாதது வலதிலும் இருக்கக் கூடாது என்று அழித்துவிடும். அப்டேட் புதியதையும் மாறியதையும் சேர்க்கும், எதையும் அழிக்காது. ஆனால் ஃபோல்டரின் பெயரை மாற்றினால் பழைய பெயரிலும் புதிய பெயரிலும் இரண்டு பிரதி சேர்ந்து டிஸ்க் நிரம்பும்.

மிரரையே வைத்துக்கொண்டு, அழிபடும் ஃபைலுக்கு என்ன கதி என்ற இடத்தில் வெர்ஷனிங் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு டிஸ்கிலேயே "பழையவை" என்று ஒரு ஃபோல்டரைக் காட்டுங்கள், பெயரிடும் முறையில் டைம் ஸ்டாம்ப்பை வையுங்கள். இனி அழிந்ததும் மாற்றப்பட்டதும் தேதியோடு அந்த ஃபோல்டரில் போய் உட்காரும். அந்த ஃபோல்டர் பேக்கப் ஃபோல்டருக்கு வெளியே இருக்கட்டும். டிரைவ் எழுத்து ஒருநாள் ஈ, ஒருநாள் எஃப் என்று மாறும். அதற்கு, பாதையில் எழுத்துக்குப் பதிலாக டிஸ்கின் பெயரைச் சதுர அடைப்புக்குறிக்குள் போடலாம்.

சிங்க்ரனைஸ் அழுத்தும் முன் எத்தனை ஃபைல் அழியப்போகிறது என்ற எண் திரையில் தெரியும். தினசரி வேலையில் அது பத்து, இருபது என்று இருக்கும். திடீரென்று ஆயிரக்கணக்கில் காட்டினால் கையை எடுத்துவிடுங்கள். இடதும் வலதும் மாறியிருக்கலாம், மூல ஃபோல்டர் வேறு எங்கோ போயிருக்கலாம். அழிவது குறைவாகவும் மாறியது மட்டும் ஆயிரக்கணக்கிலும் இருந்தால் ரேன்சம்வேர் உள்ளே வேலையை ஆரம்பித்திருக்கலாம். இந்த எச்சரிக்கைக்காகவே டிஸ்கைச் செருகி ஓட்டும் வேலையை முழுத் தானியங்கியாக்காமல் ஒரு மனிதர் பார்த்து அழுத்துவது நல்லது.

கணக்கு எழுத டாலி மென்பொருள் வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். டாலி பிரைமின் டேட்டா வழக்கமாக சி டிரைவில் யூசர்ஸ், பப்ளிக், டாலி பிரைம், டேட்டா என்ற பாதையில் இருக்கும். டாக்குமெண்ட்ஸை மட்டும் எடுக்கும் எந்த பேக்கப்பிலும் இது வராது. அந்த டேட்டா ஃபோல்டரையே தூக்கி கூகுள் டிரைவ் சிங்குக்குள் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டவே வேண்டாம். டாலி திறந்திருக்கும்போது ஒரு கம்பெனியின் பல ஃபைல்கள் ஒன்றையொன்று நம்பி மாறிக்கொண்டே இருக்கும். சிங்க் ஒன்றைப் பழையதாகவும் இன்னொன்றைப் புதியதாகவும் எடுத்துப்போனால் மீட்கும்போது கம்பெனி திறக்காது. எல்லோரும் கம்பெனியை மூடிய பிறகு ஆல்ட் + ஒய், பேக்கப் என்று போய், தேதியிட்ட புது ஃபோல்டரில் எடுங்கள். சின்னக் கடைக்கு இது சில எம்பிதான் வரும். இந்த பேக்கப் ஃபைலை தாராளமாக கிளவுடில் ஏற்றலாம். வாரம் ஒருமுறை மாற்றும் டிஸ்குகளுக்கு நடுவில் விழும் இடைவெளியை இது அடைத்துவிடும்.

ரீஸ்டோர் செய்யும்போது பழைய டேட்டா பாதையையே காட்டினால் இப்போதிருக்கும் கம்பெனியின் மேலேயே எழுதிவிடும். காலியான புது ஃபோல்டரைக் காட்டி, திறந்து, டிரையல் பேலன்ஸ் ஒத்துப்போகிறதா என்று பார்த்தபின் முடிவெடுங்கள்.

எத்தனை வருடம் வைத்திருப்பது என்பதை சட்டம் சொல்கிறது. ஜிஎஸ்டி பதிவுகளை அந்த வருடத்து ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம், கம்பெனி சட்டப்படி கணக்குப் புத்தகங்களை எட்டு வருடம். பிரைவேட் லிமிடெட் என்றால் இன்னொன்றும் உண்டு: கணினிக் கணக்குகளின் பேக்கப் தினமும், இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் இருக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதி திருத்தப்பட்டது. சாதாரண ஜிமெயில் கணக்கில் ஃபைல் எந்த நாட்டுச் சர்வரில் இருக்கும் என்பது நம் கையில் இல்லை. ஆடிட்டரிடம் பேசிக்கொள்ளுங்கள்.

ஸ்டுடியோ கதை வேறு. அங்கே பிரச்சினை அளவு. ஒரு கேமரா 100 எம்பிபிஎஸ்ஸில் (விநாடிக்கு மெகாபிட், எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட்) 4கே எடுத்தால் மணிக்கு 45 ஜிபி. ரிசப்ஷன், முகூர்த்தம் சேர்த்து ஆறு மணி நேர வீடியோ 270 ஜிபி. அதோடு 30 எம்பி வீதம் நாலாயிரம் ரா படம் (கேமரா பதப்படுத்தாமல் தரும் மூலப் படம்) என்றால் 120 ஜிபி. ஆக ஒரு கல்யாணம் 400 ஜிபியை நெருங்கும். வைகாசியில் அடுத்தடுத்து முகூர்த்தம் விழும் வாரத்தில் இதைக் கிளவுடுக்கு ஏற்ற 50 எம்பிபிஎஸ் அப்லோடு முழுசாகக் கிடைத்தாலும் 18 மணி நேரம். ஃபைபர் வராத ஊரில் மொபைல் நெட்டில் 5 எம்பிபிஎஸ் என்றால் ஏழு நாளுக்கு மேல். கிளவுடை முடித்துக்கொடுத்த ஆல்பத்துக்கும் தேர்ந்தெடுத்த ஜேபெக்குகளுக்கும் ஒதுக்குங்கள். மூலம் ஹார்ட் டிஸ்கில்தான்.

இங்கே பேக்கப் மண்டபத்திலேயே தொடங்குகிறது. இரண்டு கார்டு போடும் கேமராவில் இரண்டாவது ஸ்லாட்டை ஓவர்ஃப்ளோவில் (முதல் கார்டு நிரம்பியபின் எழுதுவது) விடாமல் பேக்கப்பில் வையுங்கள். ஒரே படம் இரண்டு கார்டிலும் விழும். வந்ததும் வெறும் காப்பி-பேஸ்ட் செய்யாமல் டெராகாப்பி என்ற மென்பொருளில் வெரிஃபை போட்டு இறக்குங்கள். எழுதிய பிறகு டிஸ்கில் விழுந்ததைத் திரும்பப் படித்து மூலத்தோடு ஒப்பிடும், அதனால் நேரம் கூடும், கூடட்டும். இரண்டு டிஸ்கில் வெரிஃபை முடியும்வரை கார்டை ஃபார்மேட் செய்யக் கூடாது. கார்டுக்கு ஒரு டப்பா, முடிந்தவை தலைகீழாக இருக்கட்டும். லைட்ரூம் மூடும்போது "பேக்கப் எடுக்கட்டுமா" என்று கேட்குமே, அது கேட்டலாகை, அதாவது படங்களின் பட்டியலையும் திருத்தக் குறிப்புகளையும், மட்டும்தான் எடுக்கும். படம் ஒன்றுகூட அதில் இருக்காது.

பழைய கல்யாணங்களை எஸ்எஸ்டியில் போட்டு பீரோவில் வைக்கும் பழக்கம் இப்போது பரவுகிறது. வேகத்துக்கு எஸ்எஸ்டி, கிடப்பில் போட ஹார்ட் டிஸ்க். எஸ்எஸ்டிக்கான ஜெடெக் தரத்தில், எழுதும் ஆயுள் தீர்ந்த டிரைவ் கரண்ட் இல்லாமல் 30 டிகிரியில் ஒரு வருடம் டேட்டாவைப் பிடித்து வைத்திருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறார்கள். புது டிரைவ் அதைவிடப் பலமடங்கு தாங்கும், ஆனால் வெப்பம் ஏற ஏற அந்தக் காலம் குறையும். நம் ஊர் மொட்டைமாடி அறை மே மாதத்தில் 30 டிகிரியில் நிற்பதில்லை. பென்டிரைவ் இன்னும் கீழே. ஃபைலைக் கொண்டுபோய்க் கொடுக்க அது, வைத்துக்கொள்ள அல்ல. டிவிடி 4.7 ஜிபி, இனி அதற்காக டிரைவ் தேடி அலைய வேண்டாம்.

டிடிபி கடைக்காரர்கள் ஃபைலை எடுத்துவிட்டு ஃபாண்டை விட்டுவிடுவார்கள். பேஜ்மேக்கரிலும் கோரல்டிராவிலும் பாமினி, வானவில், ஸ்ரீலிபி என்று அடித்த பத்திரமும் பத்திரிகையும் அந்த ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டரில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறக்கும். ஃபாண்ட் ஃபோல்டர், கீபோர்டு டிரைவர், மென்பொருளின் செட்டப் ஃபைல், சீரியல் எண் எல்லாம் பேக்கப்பில் சேரட்டும். ஒவ்வொரு வேலையையும் பிடிஎஃப் ஆகவும் ஃபாண்டைப் பதித்து வைத்துக்கொள்ளுங்கள். திருத்த முடியாவிட்டாலும் படிக்கவாவது முடியும்.

தமிழில் ஃபைல் பெயர் வைப்பவர்களுக்கு இன்னொரு பொறி. விண்டோஸில் ஒரு பெயர் 255 குறி வரை போகலாம். நெட்வொர்க்கில் மாட்டும் சேமிப்புப் பெட்டிகளான நாஸ் பெரும்பாலும் லினக்ஸில் ஓடுகின்றன, அங்கே கணக்கு 255 பைட். யூடிஎஃப்-8-இல் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட், கொம்பும் புள்ளியும்கூடத் தனிக் குறி. "திருமங்கலம்" கண்ணுக்கு ஏழு எழுத்து, உள்ளே 11 குறி, 33 பைட். இப்படி ஏழு சொல்லைத் தாண்டினால் பெயர் நிரம்பிவிடும். "திருமங்கலம் வட்டம் கிரயப் பத்திரம்" என்று தொடங்கி கட்சிக்காரர்கள் பெயர், சர்வே எண், "திருத்தியது இறுதி" வரை நீளும் ஃபைல், டெஸ்க்டாப்பில் நன்றாக இருந்துவிட்டு நாஸில் மட்டும் ஏறாது. பேக்கப் மென்பொருள் அதை ஒரு பிழையாக லாகில் எழுதிவிட்டு மற்றதை எடுத்துப் போய்விடும். லாகை யார் படிக்கிறார்கள்? பெயரைச் சுருக்குங்கள், விவரத்தை ஃபோல்டருக்குக் கொடுங்கள்.

பேஜ்மேக்கர் 7 ஓடும் பழைய கம்ப்யூட்டருக்கு ஃபைல் பேக்கப் மட்டும் போதாது. விண்டோஸ், மென்பொருள், டிரைவர் எல்லாவற்றையும் சேர்த்து டிஸ்கையே படமெடுக்கும் இமேஜ் பேக்கப் வேண்டும். மேக்ரியம் ரிஃப்லெக்ட்டின் இலவசப் பதிப்பு 2024 தொடக்கத்தோடு நின்றுவிட்டது. வீம் ஏஜெண்ட், குளோன்சில்லா இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன. பூட் ஆகும் பென்டிரைவை இப்போதே செய்து, ஒருமுறை அதிலிருந்து பூட் ஆகிறதா, பேக்கப் டிஸ்க் அதில் தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள். இமேஜை வேறு மதர்போர்டில் போட்டால் பயாஸ் அமைப்பில் சாட்டா முறை, பூட் ஆகும் முறை (பழைய லெகசி, புதிய யூஇஎஃப்ஐ) வித்தியாசத்தால் பூட் ஆகாமல் நிற்பது சகஜம். ஆனால் வீம் ஏஜெண்டில் எடுத்த இமேஜ் என்றால் அதைத் திறந்து உள்ளிருக்கும் ஃபைல்களை எடுக்கலாம்.

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்குப் போகும் கரண்டையும் கணக்கில் எடுங்கள். குறித்த நேரத்தில் வேலையைத் தானாக ஓட்டும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் காலை பத்துக்கு வைத்த வேலை அன்று ஓடாது. குறித்த நேரம் தவறினால் கூடிய சீக்கிரம் ஓட்டு என்ற டிக் ஒன்று அங்கே உண்டு, வழக்கமாக அணைந்திருக்கும். அதைப் போட்டுவிடுங்கள்.

பிறகு சோதனை. ஸ்டுடியோக்காரர்களுக்கு ஆடி மாதம் தோதானது, கல்யாணம் இருக்காது. கணக்கு அலுவலகங்களுக்கு ஜூலை ஆகாது, ரிட்டர்ன் நெருக்கடி, அவர்கள் நெருக்கடி இல்லாத மாதத்தில் வைத்துக்கொள்ளட்டும். பேக்கப் டிஸ்கை வேறொரு கம்ப்யூட்டரில் செருகுங்கள். வெவ்வேறு வருடத்திலிருந்து நாலைந்து ஃபைலை எடுத்து அங்கேயே திறந்து பாருங்கள்: ஒரு ரா படம், ஒரு வீடியோவின் கடைசி நிமிடம், ஒரு டாலி பேக்கப், ஒரு பேஜ்மேக்கர் ஃபைல். பெயரும் அளவும் சரியாக இருப்பது மட்டும் போதாது, பாதியில் நின்ற காப்பியிலும் அது சரியாகவே தெரியலாம். கையோடு டிஸ்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளில், கெட்டுப்போன பகுதிகளை எண்ணும் 05, சி5, சி6 என்ற மூன்று வரிசையைப் பாருங்கள். மூல எண் பூஜ்யமாக இருக்க வேண்டும். சி5 ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்கில் மேலும் எழுதாமல் இருப்பதை வேறொன்றுக்கு மாற்றுங்கள். சி7 மட்டும் ஏறியிருந்தால் பெரும்பாலும் கேபிள்தான், கேபிளை மாற்றிவிட்டு ஒரு வாரம் கவனித்தால் தெரிந்துவிடும்.